சமுதாயக் கூடத்துக்குப் பூட்டு: ஆறு சனிக்கிழமை நடந்த வகுப்பு ஏன் நின்றது?

நாற்றங்கால் | செப்டம்பர் 6, இரவு 9:40

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் ஒரு சிற்றூர் எங்களுடையது. பெயர் வேண்டாம். மகளிர் குழுவில் இருக்கும் நாங்கள் ஐந்து பேர் ஜூலை நடுவில் ஒரு வேலையைத் தொடங்கினோம். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் சமுதாயக் கூடத்தில், பத்து முதல் பதினாறு வயதுப் பெண் பிள்ளைகளை உட்காரவைத்து உடம்பைப் பற்றிப் பேசுவது. வயதுக்கு வருவது என்றால் என்ன, ரத்தம் ஏன் வருகிறது, குழந்தை எப்படி உண்டாகிறது, யாராவது தொடக் கூடாத இடத்தில் தொட்டால் யாரிடம் சொல்வது. அவ்வளவுதான். தொண்டு நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. ஒரு பைசா யாரிடமும் வாங்கவில்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைந்தோம். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுபவர்களுக்காகக் கோலமாவு டப்பாவின் மூடியில் துளை போட்டு, சீட்டு எழுதிப் போடச் சொன்னோம்.

என் அம்மா இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “எங்களுக்கெல்லாம் நடவு வயலில் கிடைத்த படிப்பு” என்றார். உண்மைதான். இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடும்போது அங்கே பேசாத பேச்சு கிடையாது. புதிதாகக் கல்யாணமானவளைக் கேலி செய்வதும், நாள் தள்ளிப்போன கணக்கும், கரு கலைந்த கதையும் சேற்றோடு சேறாகப் போகும். முடிச்சு எடுத்துக் கொடுக்கும் சிறுமி ஒன்றும் கேளாதவள் போல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது. என் மகளுக்கு அந்த வயல் இல்லை. எனக்கோ பேசிப் பழக்கமில்லை. கைப்பேசி மட்டும் இருக்கிறது.

ஆறு வாரத்தில் இருபத்து மூன்று பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஏழாவது சனிக்கிழமை போனால் கூடத்தில் பூட்டு. படம் ஆபாசமாக இருக்கிறது என்று புகார் வந்ததாகச் சாவி வைத்திருப்பவர் சொன்னார். அன்று இரவே ஊர் வாட்ஸ்அப் குழுவில், கேட்கக் கூசும் சொற்களில் ஒரு செய்தி சுற்றியது. எப்படி மறுபடியும் தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கடைமடைக்காரன் | செப்டம்பர் 6, இரவு 10:25

சகோதரி, கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் வேதாரண்யம் பக்கம். எனக்கும் பன்னிரண்டு வயதில் மகள் இருக்கிறாள். எங்கள் ஊரில் இப்படி ஒரு வகுப்பு நடந்தால் பூட்டச் சொல்பவர்களில் நானும் ஒருவனாக இருப்பேன்.

பத்து வயதுக் குழந்தையையும் பதினாறு வயதுப் பெண்ணையும் ஒரே பாயில் உட்காரவைத்து ஒரே பாடம் நடத்தியிருக்கிறீர்கள். நாற்றங்காலுக்கும் கதிர் பிடித்த வயலுக்கும் ஒரே அளவு தண்ணீரா பாய்ச்சுவோம்? பெற்றோரிடம் கேட்டீர்களா? உங்களில் மருத்துவர் உண்டா, ஆசிரியர் உண்டா? தாய் தனியாகச் சொல்ல வேண்டியதை மண்டபத்தில் வைத்துச் சொன்னால் பிள்ளைக்குக் கூச்சம் போய்விடும். கூச்சம் போன பிறகு எதைச் சொல்லி அடக்குவது?

---

நாற்றங்கால் | செப்டம்பர் 6, இரவு 11:02

வயது பிரிக்காதது எங்கள் பிழை. ஒப்புக்கொள்கிறேன். பெற்றோரிடம் வீடு வீடாகப் போய்ச் சொன்னோம், ஆனால் அம்மாக்களிடம் மட்டும். அப்பாக்களுக்கு அந்த வாட்ஸ்அப் செய்தி வழியாகத்தான் தெரியவந்தது. அதுவும் பிழை.

கூச்சம் போய்விடும் என்கிறீர்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கூச்சம் அப்படியே இருக்கிறது, அண்ணா. அது போகாததால்தான் கோலமாவு டப்பா வைக்க வேண்டியிருந்தது.

---

மூங்கில்பாலம் செவிலி | செப்டம்பர் 7, காலை 6:15

முப்பத்தொரு வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். பாபநாசம் வட்டத்தில் பாதி ஊர்களின் பிரசவக் கணக்கு என் கையெழுத்தில் இருக்கும்.

“தாய் தனியாகச் சொல்வாள்” என்று எழுதியிருக்கும் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பிள்ளை, ஏழாம் வகுப்பு, மாட்டுக் கொட்டகையில் இரண்டு நாள் ஒளிந்திருந்தது. மரம் ஏறியபோது எங்கோ கிழித்துக்கொண்டோம், அம்மா அடிப்பாள் என்ற பயம். தாய் நல்லவள்தான். அவளுக்கு அவளுடைய தாய் சொல்லவில்லை, இவள் எங்கிருந்து சொல்வாள்? என்னைக் கூப்பிட்டபோது அந்தப் பிள்ளை பழைய கோணிச் சாக்கைக் கிழித்து வைத்திருந்தது. தொடையெல்லாம் புண். நான் வெந்நீரில் கழுவிவிடும்போது அது கேட்ட ஒரே கேள்வி, “டாக்டரம்மா, தையல் போடுவீர்களா?” என்னை டாக்டர் என்று நினைத்துக்கொண்டது.

துணி உபயோகிப்பவர்கள் வெயிலில் காயவைக்க வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொன்னேன். கொடியில் போட்டால் ஆண்கள் கண்ணில் படும் என்று கூரைக் கீற்றுக்குள் செருகிவைப்பார்கள். ஐப்பசி மழையில் அது காயவே காயாது. அதைத்தான் மறுபடியும் எடுத்து உடுத்துவார்கள். அரசு கொடுக்கும் நாப்கின், பாக்கெட்டுக்கு ஆறு. அதையும் கறுப்புப் பையில் சுற்றித்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்க மாட்டார்கள்.

வகுப்பில் இதைச் சொல்லுங்கள். முதல் ஓரிரண்டு வருடம் சுழற்சி ஒழுங்காக வராது, பயப்பட வேண்டாம். பெரியவர்களுக்கு 21 நாள் முதல் 35 நாள் வரை எல்லாமே இயல்பு. போவது கெட்ட ரத்தம் கிடையாது, கருப்பையின் உள்சவ்வு உரிந்து வெளியேறுகிறது. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் தாராளமாகக் கொடுக்கலாம், நல்ல உணவு. ஆனால் அதோடு நிறுத்திவிடாமல் முருங்கைக்கீரையும் கொடுக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்களே, அது பிள்ளை பிறக்காமல் செய்யும் மாத்திரை என்று ஒரு ஊரில் கிளப்பிவிட்டார்கள். பள்ளி வாய்க்கால் முழுக்க நீல மாத்திரை மிதந்தது.

---

ஆடிப்பெருக்கு | செப்டம்பர் 7, காலை 8:50

மகள் வயதுக்கு வந்ததை முச்சந்தியில் பதினைந்தடி ஃபிளெக்ஸ் வைத்து, மைக் செட் கட்டி, சீர்வரிசைத் தட்டை எண்ணி, மொய் எழுதி ஊருக்கெல்லாம் சொல்லலாம். அந்தப் பிள்ளையிடம் மட்டும் என்ன நடந்தது என்று சொல்லக் கூடாது. அருமை.

---

கடைமடைக்காரன் | செப்டம்பர் 7, காலை 9:30

போன வைகாசியில் என் தங்கை மகளுக்குத் தாய்மாமன் சீராக ஒன்றரைப் பவுன் போட்டுவிட்டு வந்தவன் நான். ஃபிளெக்ஸில் என் படமும் உண்டு. கேலி புரிகிறது. ஆனால் சடங்கு வேறு, பாடம் வேறு.

---

வெண்ணாறு | செப்டம்பர் 7, பிற்பகல் 1:10

பெண் பிள்ளைகளுக்கு மட்டும் எடுத்தீர்களே அக்கா, ஆண் பிள்ளைகளுக்கு?

என் கதையைச் சொல்கிறேன், சிரிக்காமல் படியுங்கள். பதினொன்றாம் வகுப்பு. தூக்கத்தில் விந்து வெளிவந்தது. அதைச் சொல்ல ஆளில்லை. பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் மட்டும்தான் அதைப் பற்றி எழுதியிருந்தது. “இளமையில் செய்த தவறா? நரம்புத் தளர்ச்சியா? ரகசியம் காக்கப்படும்.” மாதத்தில் இரண்டாவது ஞாயிறு ஒரு லாட்ஜ் அறையில் வைத்தியர் வந்து உட்காருவார். நாற்பது துளி ரத்தம் சேர்ந்தால்தான் ஒரு துளி விந்து என்றார். நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வருடத்தில் நடக்கவே முடியாது என்றும் சொன்னார். லேகியம் 1,800 ரூபாய். உரம் வாங்க அப்பா கொடுத்த பணத்தில் கொஞ்சம், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிய கூலி கொஞ்சம். அந்தப் போகம் எங்கள் வயலுக்கு ஒரு மூட்டை யூரியா குறைந்தது. அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

லேகியம் வெல்லப்பாகு மாதிரி இருந்தது. வயிறு மட்டும் கலங்கியது. கல்லூரியில் விலங்கியல் படித்த பிறகுதான், அது எல்லாப் பையன்களுக்கும் இயல்பாக நடப்பது, துளிக் கணக்கெல்லாம் பொய் என்று தெரிந்தது. இரண்டு வருடம் தினமும் காலையில் எழுந்ததும் கால் அசைகிறதா என்று பார்த்தவன் நான். பாடம் வேண்டாம் என்பவர்கள் அந்த லாட்ஜ் வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பாருங்கள். அங்கே எந்த ஊர்க் கூட்டமும் பூட்டுப் போடுவதில்லை.

---

பழைய வாத்தியார் | செப்டம்பர் 7, மாலை 5:45

தம்பி வெண்ணாறு எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் வகுப்பிலும் இப்படி எத்தனை பேர் இருந்தார்களோ. உயிரியல் பாடத்தில் இனப்பெருக்க மண்டலம் வரும் நாளில், “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று பக்கத்தைப் புரட்டிய சக ஆசிரியர்களை எனக்குத் தெரியும். நான் தமிழாசிரியன், என்னைக் காமத்துப்பால் காப்பாற்றியது. அதையும் பாடத்திட்டத்தில் வைக்க மாட்டார்கள், அது வேறு கதை.

எதிர்ப்பு புதிதல்ல. 2005இல் மத்திய அரசு பள்ளிகளுக்காக வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், குஜராத் என்று ஒவ்வொரு மாநிலமாக அதை நிறுத்தின. 2009இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வி கூடாது என்றே அறிக்கை கொடுத்தது. நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது, பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்பவைதான் காரணங்கள். டெல்லியில் சொன்னதை இப்போது உங்கள் ஊர்ச் சாவிக்காரர் சொல்லியிருக்கிறார், அவ்வளவே. பாலியல் கல்வியால் உறவில் ஈடுபடுவது கூடுவதில்லை என்று உலக நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. ஆனால் யுனெஸ்கோவைக் காட்டி நீடாமங்கலத்தில் யாரையும் அசைக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

அதற்குப் பதிலாக மூவலூரைக் காட்டுங்கள். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1883இல் பிறந்த இராமாமிர்தம் அம்மையார், தேவதாசி முறைக்கு எதிராக இதே டெல்டாவில் தெருத்தெருவாகப் பேசினார். பெண்ணின் உடம்பைப் பற்றி மேடையில் பேசுகிறாள் என்று அன்றும் தூற்றினார்கள். 1936இல் அதையே நாவலாகவும் எழுதினார். சட்டம் வர 1947 ஆனது. இன்று கல்லூரிக்குப் போகும் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதே, 2022இல் தொடங்கிய அந்த உயர்கல்வி உறுதித் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தியைப் பரப்பியவர் வீட்டிலும் அந்த ஆயிரம் வரக்கூடும்.

---

கூத்தாநல்லூர்க்காரி | செப்டம்பர் 7, இரவு 8:20

மதம்தான் தடுக்கிறது என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் நான் எழுதிவிடுகிறேன். எங்கள் பக்கத்து நிஸ்வான் (பெண்கள்) மதரஸாவில் ஹைளு, அதாவது மாதவிலக்கு என்றால் என்ன, எத்தனை நாள், எப்போது குளிப்புக் கடமை என்பதெல்லாம் பத்து வயதிலேயே பாடம். உஸ்தாது அம்மா முகம் சுளிக்காமல் சொல்லித்தருவார். தொழுகைக்கு அது தெரிந்தாக வேண்டும், அதனால் கூச்சத்துக்கு இடமில்லை. எனக்குத் தெரியாமல் இருந்தது இரண்டாம் பாதி. யார் தொட்டால் தவறு, தொட்டால் யாரிடம் சொல்வது என்பதை யாரும் சொல்லவில்லை. அந்தப் பாதி இங்கேயும் இல்லை, எதிர்த்தெருவிலும் இல்லை.

---

கோரையாறு | செப்டம்பர் 7, இரவு 9:05

ஒரே ஒரு கேள்வி, நாற்றங்கால் அக்கா. ஐந்து பேர் என்றீர்கள். வகுப்பை எடுத்தது யார்?

---

நாற்றங்கால் | செப்டம்பர் 7, இரவு 10:48

இதை எழுதலாமா வேண்டாமா என்று முதல் பதிவிலேயே தயங்கினேன்.

பெரும்பாலும் பேசியது ஒரு கல்லூரிப் பெண். செவிலியர் படிப்பு இரண்டாம் ஆண்டு. படங்களை வரைந்ததும் அவள்தான். காலனித் தெரு. முதல் மூன்று வாரம் அங்கிருந்து வந்த பிள்ளைகள் கூடத்தின் வாசல் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். நான்காவது வாரம் எல்லாரையும் வட்டமாக உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார்கள். ஒரே கிண்ணத்தில் சுண்டல்.

பூட்டுப் போட்ட அன்று யாரும் இதைச் சொல்லவில்லை. படம், படம் என்று மட்டும் சொன்னார்கள். “ஊர் மக்களே நடத்தும் வகுப்பு” என்று நாங்கள் பெருமையாகப் பேசிக்கொண்டோம். எங்கள் பக்கம் ‘ஊர்’ என்றால் எந்தத் தெருக்கள் என்று எனக்குத் தெரியாதா?

---

நெறியாளர் | செப்டம்பர் 7, இரவு 11:30

ஊரையும் ஆளையும் ஊகித்து எழுதப்பட்ட மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறோம். அந்த மாணவியை அடையாளம் காட்டும் எதையும் எழுத வேண்டாம்.

---

கடைமடைக்காரன் | செப்டம்பர் 8, காலை 7:05

இரவெல்லாம் யோசித்துவிட்டு எழுதுகிறேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

எங்கள் ஊராக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். டீக்கடைப் பேச்சில் யாரும் கருப்பைப் படத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். “இன்றைக்கு உடம்பைப் பற்றிப் பேசுவார்கள், நாளைக்கு உன் விருப்பம்போல் கட்டிக்கொள் என்பார்கள்” என்பதுதான் பேச்சாக இருக்கும். பெண் யாரைக் கட்டிக்கொள்வாள் என்ற பயம்தான் அடியில் இருப்பது. எனக்கும் அந்தப் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இருந்தாலும் வயது பிரிக்க வேண்டும், பெற்றோருக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும் என்று நான் சொன்னது சரிதான். அதில் மாற்றமில்லை.

---

கோரையாறு | செப்டம்பர் 8, காலை 7:40

ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி அண்ணா. பயத்துக்கு வாழ்த்து இல்லை.

---

நாற்றங்கால் | செப்டம்பர் 8, பிற்பகல் 2:15

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டப்பாவில் விழுந்த சீட்டுகளில் பெரும்பாலானவை, மாதவிலக்கின்போது ஊறுகாயைத் தொட்டால் கெட்டுவிடுமா, ஒருவனோடு பேசினால் கர்ப்பமாகிவிடுமா என்ற மாதிரி. ஆறாவது வாரம் வந்த ஒன்று மட்டும் பென்சிலில், கோடு போட்ட நோட்டுத்தாளின் மூலையைக் கிழித்து எழுதியது.

“மாமா முறை ஆகிறவர் தொட்டால் விளையாட்டா?”

முறைக்காரன் கிள்ளினால் வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சீட்டைப் படித்த பிறகு, யார் யார் வீட்டில் எப்போது சிரித்தேன் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். பெயர் இல்லை. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டார், நான் வேண்டாம் என்றேன். சரியா தவறா தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் பொதுவாகப் பதில் சொல்லலாம் என்று வைத்திருந்தோம். அந்தச் சனிக்கிழமைதான் பூட்டு.

---

வழக்குக்கட்டு | செப்டம்பர் 8, இரவு 9:10

தஞ்சாவூர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர். கையெழுத்தை ஒப்பிடாதது சரி. துப்பு துலக்குவது உங்கள் வேலை கிடையாது. பிள்ளை பயந்துவிட்டால் மறுபடியும் வாய் திறக்காது. ஆனால் சும்மா இருப்பதும் கூடாது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாரும் குழந்தை. தொட்டவர் முறைக்காரரா, பக்கத்து வீட்டுக்காரரா என்ற வேறுபாடு அங்கே எடுபடாது. சொல்லப்போனால், உறவினர் செய்தால் குற்றம் இன்னும் கடுமையாகும். பிரிவு 19இன்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் யாராக இருந்தாலும் புகார் தெரிவிக்க வேண்டும். தெரிந்தும் மறைத்தால் பிரிவு 21, ஆறு மாதம் வரை சிறை. “குடும்ப மானம்” என்று ஊர்க் கூட்டத்தில் பேசி முடிப்பவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்து, சீட்டு வந்த விவரத்தை அப்படியே சொல்லிவிடுங்கள். சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சாவி விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். அதன் தலைவர் ஊராட்சித் தலைவரேதான். பல ஊர்களில் பதிவேட்டில் மட்டும் கூடும். அந்தக் குழுவின் பெயரில் வகுப்பு நடத்த அனுமதி கேட்டு, அக்டோபர் 2 கிராம சபையில் மனுக் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் மறுத்ததையும் எழுதச் சொல்லுங்கள். வாயால் பூட்டச் சொல்பவர்கள் பேனாவை எடுத்து எழுத யோசிப்பார்கள். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்து உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 23, 2024 அன்று சொன்ன தீர்ப்பில், பாலியல் கல்வி மேற்கத்தியச் சரக்கு என்ற எண்ணம் தவறு என்று பத்தி பத்தியாக இருக்கிறது. ஒரு நகல் கையில் இருக்கட்டும்.

---

மூங்கில்பாலம் செவிலி | செப்டம்பர் 9, காலை 6:00

மனு, தீர்மானம் எல்லாம் நல்லதுதான். அதுவரை அந்தப் பென்சில்காரப் பிள்ளை காத்திருக்குமா? கூடம் இல்லாவிட்டால் உன் வீட்டுத் திண்ணை இருக்கிறது, மகளே. இந்தச் சனிக்கிழமையே உட்காருங்கள். நான் பஸ் பிடித்து வருகிறேன்.

---

நாற்றங்கால் | செப்டம்பர் 13, இரவு 8:30

இன்று உட்கார்ந்தோம், என் திண்ணையில். செவிலியம்மா பத்தரை மணிக்கே வந்துவிட்டார். சிறியவர்கள் மூன்று மணிக்கு, பெரியவர்கள் நாலரைக்கு என்று பிரித்துவிட்டோம். பதினொரு பேர் வந்தார்கள். முன்பு வந்ததில் பாதி. மேலத்தெருவிலிருந்து இரண்டே பேர், அவர்களும் பின்பக்கக் கொல்லை வழியாக. வகுப்பை அந்தக் கல்லூரிப் பெண்ணே எடுத்தாள். நான் வேண்டுமானால் எடுக்கிறேன், நீ பக்கத்தில் இரு என்றேன். “நான் போய்விட்டால் அவர்கள் சொன்னது சரி என்று ஆகிவிடும் அக்கா” என்றாள்.

முதல் கேள்வியாக அந்தச் சீட்டுக்குப் பதில் சொன்னோம். விளையாட்டு என்றால் உனக்கும் சிரிப்பு வர வேண்டும், வராவிட்டால் அது விளையாட்டு இல்லை, சொல்லலாம், சொன்னால் உன் மேல் தவறு இல்லை, 1098. யார் முகத்தையும் நாங்கள் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னோம். 1098க்கு செவ்வாய்க்கிழமையே அழைத்தாயிற்று.

எதிர்வீட்டுக்காரர் எட்டு முறை சைக்கிளில் போய்வந்தார். சாவி இன்னும் வரவில்லை. ஆண் பிள்ளைகளுக்குத் தம்பி வெண்ணாறு மாதம் ஒருமுறை வர ஒப்புக்கொண்டிருக்கிறார், பஸ் டிக்கெட் நாங்கள்.

---

கடைமடைக்காரன் | செப்டம்பர் 13, இரவு 10:15

சகோதரி, அந்தப் படங்களைத் தனியாக எனக்கு அனுப்ப முடியுமா? மகளிடம் காட்ட இல்லை. அது பிறகு, அவள் அம்மா பார்த்துக்கொள்ளட்டும். நான் பார்க்க வேண்டும்.

---

நாற்றங்கால் | செப்டம்பர் 13, இரவு 10:32

அனுப்பிவிட்டேன் அண்ணா. மூன்றாவது தாளில் ‘சினைபை’ என்று எழுதியிருக்கும். ஸ்கெட்ச் பேனா, அழிக்க முடியவில்லை.

---

பழைய வாத்தியார் | செப்டம்பர் 13, இரவு 10:40

சினைப்பை. ‘ப்’ மிகும். அடுத்த காலண்டருக்கு நான் பேனா வாங்கி அனுப்புகிறேன்.